மரம் தெரியக் கூடாது

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்ட விஷயம் இது. மாதிரிப் படகு செய்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். பழைய பந்தயப் பாய்ப்படகு ஒன்றுக்கு அளவு மாதிரி செய்துவிட்டு, அதன் உடலுக்கு வார்னிஷ் மட்டும் அடித்து, பலகை பலகையாக மரம் தெரியும்படி நிறுத்தி வைப்பது தப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு படகு எந்தக் கடலிலும் ஓடியதில்லை.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கோவாவிலும் கொச்சியிலும் கடைவாசலில் விற்கிற ஷோகேஸ் படகைப் பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அது அலங்காரப் பொருள். நான் சொல்வது அளவு மாதிரி. அதாவது 1:60 என்று முடிவு செய்துவிட்டால், நிஜப் படகில் 60 செ.மீ. இருப்பதெல்லாம் மாதிரியில் 1 செ.மீ. ஆக வேண்டும். உடலின் வளைவு, பாய்மரத்தின் கனம், கயிற்றின் தடிமன், எல்லாம். இந்த ஒரு கட்டுப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டுதான் வேலையில் இறங்குகிறோம். ஒப்புக்கொண்ட பிறகு நமக்கு வசதியான இடத்தில் மட்டும் அதை மறப்பதுதான் என் சண்டை.

பந்தய யாட்டுகளில் மாதிரி செய்கிறவர்கள் அதிகம் ஆசைப்படுவது 'ஜே' வகுப்புப் படகுகளுக்கு. 1930-லிருந்து 1937 வரை, பெரும்பாலும் அமெரிக்கா கோப்பைக்காகக் கட்டப்பட்டவை. (இந்தக் கோப்பையின் பெயர் நாட்டின் பெயரல்ல. 1851-ல் இங்கிலாந்தில் போய் ஜெயித்த 'அமெரிக்கா' என்ற படகின் பெயர்.) நீர்மட்டத்தில் 75 அடியிலிருந்து 87 அடி வரை நீளம் இருக்கலாம் என்பது விதி. முன்னும் பின்னும் தண்ணீருக்கு மேல் நீண்டு தொங்கும் பகுதியையும் சேர்த்தால் மொத்த நீளம் 120, 130 அடி போகும். ஒற்றைப் பாய்மரம், அதுவும் பதினைந்து மாடிக் கட்டடம் அளவு உயரம்.

அந்த வகுப்புக்கென்று கட்டியது மொத்தம் பத்துப் படகு. அமெரிக்காவில் ஆறு, இங்கிலாந்தில் நான்கு. அமெரிக்காவின் ஆறும் 1935-க்கும் 1941-க்கும் இடையில் உடைத்துப் பழைய இரும்பாகவும் வெண்கலமாகவும் விற்கப்பட்டுவிட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை. 1937-ல் எல்லோரையும் தோற்கடித்த 'ரேஞ்சர்' நாலே வருடத்தில் உடைப்புக்குப் போனது. இங்கிலாந்துப் படகுகளில் 'ஷாம்ராக் 5', 'வெல்ஷீடா', 'எண்டெவர்' என்று மூன்று இன்றும் ஓடுகின்றன. 2000-க்குப் பிறகு பழைய வரைபடங்களை வைத்துப் புதிதாகச் சிலவற்றைக் கட்டியிருக்கிறார்கள், அது வேறு கதை.

ஆகவே பத்தில் ஏழு படகுகளை இனி யாரும் நேரில் பார்க்க முடியாது. வரைபடம், கறுப்பு வெள்ளைப் புகைப்படம், மாதிரி, இந்த மூன்றுதான் மிச்சம். மூன்றில் சுற்றி வந்து பார்க்க முடிவது மாதிரி ஒன்றுதான். அதனால்தான் இதை வெறும் பொழுதுபோக்கு, அவரவர் இஷ்டம் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

இப்போது மரத்துக்கு வருகிறேன்.

எண்டெவர் (1934) எஃகுப் படகு. வெல்ஷீடாவும் (1933) எஃகு. 1930-ல் கோப்பையைத் தக்கவைத்த அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்' உடல் முழுக்க வெண்கலத் தகடு. பாய்மரம்கூட டியூராலுமின் என்ற அலுமினியக் கலவை. இவற்றின் உடலில் பலகையே கிடையாது. மாதிரியில் நாம் மரப் பட்டைகளை ஒட்டுவது, வீட்டில் தகடு அடிப்பதைவிட மரத்தை வளைப்பது சுலபம் என்பதால் மட்டும்தான். அது சாரம் மாதிரி. வீடு கட்டி முடித்த பிறகு சாரத்தைப் பிரிக்காமல், "எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறேன் பார்" என்று மூங்கிலைக் காட்டுவோமா?

"சரி, மரப் படகுக்கு?" என்று கேட்பீர்கள். பத்தில் மரப்பலகை போர்த்திய படகுக்கு உதாரணம் ஷாம்ராக் 5. எஃகு விலாச்சட்டத்தின் மேல் மகோகனிப் பலகை. சார்ல்ஸ் நிக்கல்சன் வடிவமைத்து, இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் பட்டறையில் கட்டி, 1930 ஏப்ரலில் தண்ணீரில் இறக்கினார்கள். அதற்காவது மரம் தெரியலாம் அல்லவா?

கூடாது. அந்தப் படகின் உடல் பச்சை நிறம். பலகைகளுக்கு இடையில் இருந்த சந்தை அடைத்து, இழைத்து, தேய்த்து, வண்ணம் பூசி, கை வைத்தால் சந்து எங்கே என்று தெரியாதபடி ஆக்கினார்கள். பந்தயப் படகில் சொரசொரப்பு இருந்தால் தண்ணீர் பிடித்து இழுக்கும், வேகம் போகும். ஆக, கோஸ்போர்ட் தச்சர்கள் தங்கள் வேலை தெரியாமல் இருப்பதற்காகத்தான் அத்தனை உழைத்தார்கள். நாம் அவர்கள் மறைத்ததைத் தோண்டி எடுத்து, அதையும் வேறு அகலத்தில், வேறு எண்ணிக்கையில், வேறு மரத்தில் காட்டினால் அது எந்தப் படகின் மாதிரி?

அளவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஷாம்ராக் 5-ன் மொத்த நீளம் ஏறக்குறைய 36.4 மீட்டர். 1:60-ல் சுமார் 61 செ.மீ. அகலம் 6 மீட்டர், மாதிரியில் 10 செ.மீ. தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 4.5 மீட்டர், மாதிரியில் 7.5 செ.மீ. இந்தப் பெரிய அளவுகளை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். கோட்டைவிடுவது சின்ன அளவுகளில்.

மேல்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிஜமாகவே மரம், பைன் பலகை. அங்கே மரம் தெரிய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பலகைகளுக்கு நடுவே கறுப்புக் கோடு போடுகிறோமே, அது அரை மி.மீ. இருந்தால் நிஜத்தில் 3 செ.மீ. சந்து. மாலுமியின் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும்! நிஜத்தில் 6 மி.மீ. சந்து என்றே வைத்துக்கொண்டாலும் மாதிரியில் 0.1 மி.மீ.தான் வரும். பென்சிலைக் கூராகச் சீவி, பலகையின் ஓரத்தில் ஒரு தடவை இழுத்தால் போதும்.

கயிறும் அப்படித்தான். பெட்டியில் வரும் நூல் பெரும்பாலும் அரை மி.மீ. இருக்கும். நிஜத்தில் 12 மி.மீ. கயிறு என்றால் மாதிரியில் 0.2 மி.மீ. வேண்டும். தையல்காரரிடம் கிடைக்கிற மெல்லிய பாலியெஸ்டர் நூல் இதற்குப் பெட்டி நூலைவிட மேல். பாயைத் தையல் மிஷினில் தைத்தால் ஒரு தையல் 2 மி.மீ. என்று வரும். அதை அறுபதால் பெருக்குங்கள், 12 செ.மீ. தையல்! கோணி மூட்டையைக்கூட யாரும் அப்படித் தைப்பதில்லை. பாயில் தையலைப் பென்சில் கோடாகப் போடலாம், அல்லது பாயே இல்லாமல் விட்டுவிடலாம்.

எனக்கு உதவுகிற ஒரு சுலபமான சோதனை உண்டு. 168 செ.மீ. உயர ஆள் 1:60-ல் 2.8 செ.மீ. தீக்குச்சியை அந்த உயரத்துக்கு வெட்டி மேல்தளத்தில் நிறுத்துங்கள். அந்த ஆளால் இந்தக் கயிற்றைப் பிடிக்க முடியுமா, இந்தக் கப்பியைத் தூக்க முடியுமா, இந்தப் படியில் இறங்க முடியுமா? ஆள் "முடியாது" என்றால் அந்தச் சாமானைக் கழற்றி மறுபடி செய்ய வேண்டியதுதான்.

இதெல்லாம் சும்மா கெடுபிடி இல்லை. 1930 செப்டம்பரில் நியூபோர்ட்டில் நடந்த பந்தயத்தின் மூன்றாவது ஓட்டத்தில், ஷாம்ராக் 5-ன் பெரிய பாயைத் தூக்கிப் பிடித்திருந்த வடம் அறுந்து பாய் கீழே விழுந்தது. அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. 4-0 என்று தொடரும் போனது. வடம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று மாதிரியைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். தாம்புக்கயிறு கனத்தில் ஒன்றைக் கட்டி வைத்தால் அது அறுந்திருக்கும் என்று யார் நம்புவார்கள்?

உடலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பந்தயப் படகில் எல்லாமே உடலின் வளைவுதான். பாய்மரம், பாய் எல்லாம் பிறகு. அந்த வளைவைக் காகிதத்தில் போடுவதற்கு முன்பே மரத்தில் செதுக்கிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் ஹெரஷாஃப் சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். தம்பி நத்தானியேல் படகின் ஒரு பக்கத்தை மட்டும் சிறியதாக மரத்தில் செதுக்குவார். அந்த அரை மாதிரியிலிருந்து அளவெடுத்துத்தான் நிஜப் படகு கட்டுவார்கள். நிர்வாகத்தைக் கவனித்த அண்ணன் ஜான், சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர். அவர் அரை மாதிரியைக் கையால் தடவிப் பார்த்தே வளைவைப் புரிந்துகொள்வார்.

லிப்டன் 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை ஐந்து ஷாம்ராக்குகளோடு கோப்பைக்குப் போய் ஐந்து முறையும் தோற்றார். ஐந்து முறையும் அவரைத் தோற்கடித்தது இந்த பிரிஸ்டல் பட்டறையில் கட்டிய படகுகள்தான். 1937-ல் ரேஞ்சர் வந்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பல வடிவங்களில் சின்ன மாதிரிகள் செய்து, அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்து, எது குறைவாக இழுபடுகிறது என்று அளந்து, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார்கள். அந்த வருடக் கோப்பைப் போட்டியில் எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை.

அதாவது இந்தப் படகுகள் மாதிரியில் பிறந்தவை. நாம் கடைசியில் செய்கிற மாதிரியும் அதே வளைவைத்தான் காட்ட வேண்டும். வார்னிஷ் அடித்த உடலில் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும்போது கண் பட்டையைத் தொடர்ந்து போகிறது, வளைவு தெரிவதில்லை. ஒரே வண்ணம் பூசி, ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சக் கோடு அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒழுகிப் போகும். எங்காவது ஒரு மேடு, ஒரு பள்ளம் இருந்தால் அந்தக் கோடு அங்கே நெளியும். வண்ணம் எதையும் மன்னிக்காது. வார்னிஷ் நிறைய மன்னிக்கும். சிலருக்கு வார்னிஷ் பிடிக்க அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம் :-)

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம். நியாயமானவை மூன்று.

ஒன்று, இங்கிலாந்தில் 17, 18-ம் நூற்றாண்டுகளில் போர்க்கப்பல்களுக்குச் செய்த மாதிரிகளில் கீழ்ப்பகுதியை மூடாமல் விலாச்சட்டங்கள் தெரிய விட்டிருக்கிறார்களே என்பார்கள். உண்மை. ஆனால் அது கப்பலின் கட்டுமானத்தைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே செய்தது. பெட்டியில் வரும் பத்துப் பதினைந்து பிளைவுட் சட்டங்கள் கப்பலின் சட்டங்கள் அல்ல. ஷாம்ராக் 5-ன் எஃகு விலாக்களை எண்ணி, அதே இடைவெளியில் செய்து, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

இரண்டு, சில படகுகள் நிஜமாகவே வார்னிஷ் போட்டவை. ஆமாம், அவற்றுக்கு வார்னிஷ்தான் சரி. என் விதி நிஜம் எப்படியோ அப்படி என்பதுதான்.

மூன்றாவதுதான் கனமானது. "ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொட்டி ஒவ்வொரு பட்டையாக ஊறவைத்து வளைத்து ஒட்டியிருக்கிறேன். அதன் மேல் பட்டி பூசி மறைக்கச் சொல்கிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா?"

இருக்கிறது, வலியும் தெரியும். முதல் தடவை சாம்பல் பிரைமர் அடிக்கும்போது யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற பெரியவர்கள், "நல்லா இருக்குப்பா, பிளாஸ்டிக்கா? எங்க வாங்கினே?" என்று கேட்பார்கள். வாங்கினது இல்லை மாமா, செய்தது என்று சொன்னால் "அப்படியா!" என்றுவிட்டுக் காபிக்குத் திரும்பிவிடுவார்கள். வார்னிஷ் போட்ட படகு வைத்திருக்கிறவர் வீட்டில் அதே மாமா பத்து நிமிடம் நின்று ஒவ்வொரு பட்டையாகத் தடவிப் பார்ப்பார். பாராட்டு அங்கேதான் போகும்.

என் பதில் இதுதான். பட்டை தெரிகிற மாதிரியைப் பார்க்கிறவர் நம்மைப் பார்க்கிறார். வண்ணம் பூசிய மாதிரியைப் பார்க்கிறவர் படகைப் பார்க்கிறார். உடைத்து விற்கப்பட்டு இன்று இல்லாத ஒரு பொருளுக்கு நாம் சாட்சி சொல்லப் போயிருக்கிறோம். சாட்சிக்கூண்டில் ஏறி நம் பெருமையைப் பேசினால் வழக்கு என்ன ஆவது?

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. அமெரிக்கா கோப்பைப் போட்டியில் ஓர் ஓட்டம்கூட ஜெயிக்காத ஷாம்ராக் 5-ஐ நான் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

அந்தப் படகுக்குப் பணம் கொடுத்தவர் சர் தாமஸ் லிப்டன். நம் வீட்டு அலமாரியில் மஞ்சள் பெட்டியாக இருக்கிறாரே, அவரேதான். கிளாஸ்கோவில் 1871-ல் ஒரு மளிகைக் கடையில் ஆரம்பித்துக் கடைகளாகப் பெருக்கியவர். 1890-ல் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதென்னை அவருடையது. அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து போன நம் ஜனங்கள். லயத்தில் பத்தடி அறைகளில் இருந்தவர்கள். லிப்டனின் சொத்து முழுக்கத் தேயிலையில் வந்தது என்று சொல்லவில்லை, மளிகைக் கடைகளும் உண்டு. ஆனால் உலகம் அவர் பெயரைத் தெரிந்துகொண்டது தேயிலையாலும் யாட்டுகளாலும்தான். ஒவ்வொரு தோல்வியும் அமெரிக்காவில் அவர் தேயிலைக்கு விளம்பரமாக ஆனது. ஐந்தாவது தடவை தோற்றபோது அமெரிக்கர்களே காசு வசூலித்து அவருக்குத் தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். அடுத்த வருடம், 1931-ல் அவர் இறந்தார்.

கொழுந்து பறித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் அவர்கள் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் என்ற வகையில் நாமும் அந்த வரிசையில் வருகிறவர்கள்தான், கம்பெனி பஸ்ஸும் பி.எஃப்.பும் நமக்கு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

இப்போது ஒருவர் என்னை மடக்கலாம். "அந்த ஜனங்களின் உழைப்பைப் பச்சை வண்ணத்துக்கு அடியில் மறைத்துவிட்டார்கள் என்கிறாய். அப்புறம் நீயே உழைப்பு தெரியக் கூடாது என்கிறாயே?"

நல்ல கேள்வி. நானும் இதை ரொம்ப நாள் யோசித்தேன். என் உழைப்பும் அவர்கள் உழைப்பும் ஒரே தட்டில் வைக்கிற சமாசாரம் இல்லை. எனக்கு இது ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம், யாரும் அடித்து வாங்கவில்லை. அதை மறைத்தால் யாருக்கும் நஷ்டம் கிடையாது. அவர்கள் உழைப்பை மாதிரியின் மரத்தில் காட்டவும் முடியாது, எவ்வளவு பட்டை தெரிந்தாலும் அதில் ஒரு கொழுந்து தெரியப் போவதில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் பெயர்ப்பலகை. பெரும்பாலான மாதிரிகளில் பெயர்ப்பலகை ஒரு பித்தளைத் துண்டு, படகின் பெயரும் வருடமும் இருக்கும், கீழே செய்தவர் பெயர் கொட்டை எழுத்தில். என் வாதம், அங்கேதான் பேச வேண்டும் என்பது. படகு ஊமையாக, அழகாக, அது இருந்தபடியே இருக்கட்டும். அட்டை பேசட்டும்.

பெயர்ப்பலகையில் வருடம் போடுவதும் சம்பிரதாயமில்லை. இன்று ஓடுகிற ஷாம்ராக் 5 வேறு. கை பல மாறி, நடுவில் இத்தாலிக்காரர்களிடம் 'குவாட்ரிஃபோலியோ' என்று பெயர் மாறி, பழுது பார்க்கப்பட்டு, இன்ஜினும் நவீன பாய்மரமும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வண்ணப் படங்கள் எல்லாம் இந்தப் பிற்காலத்துப் படகு. அதில் 1930-ன் பாய்மரத்தை நட்டால் எந்த நாளிலும் இல்லாத ஒரு படகு வந்து சேரும். 1930 செப்டம்பரா, மூன்று பழைய ஜே படகுகளும் சேர்ந்து ஓடிய 2001 ஆகஸ்ட் கௌஸ் விழாவா, ஒரு தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். முடிவு செய்துவிட்டால் பாதிச் சந்தேகம் தானாகத் தீரும்.

கடைசியாக, வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிற நமக்கு இதில் எது சாத்தியம் என்று சொல்லி முடிக்கிறேன்.

பெட்டியில் வரும் வெளிநாட்டு மாதிரிகள் அழகானவை, ஆனால் விலையும் சுங்க வரியும் சேர்ந்தால் ஒரு மாத வாடகையைத் தொடும். அதைவிடப் பெரிய பிரச்சினை, நாம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிறோம், ஊர் மாறுகிறோம். 80 செ.மீ. உயரப் பாய்மரமும் நூற்றுக்கணக்கான நூலும் உள்ள மாதிரி லாரியில் ஏறி அடுத்த ஊரில் இறங்கும்போது என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நான் சிபாரிசு செய்வது அரை மாதிரி. நத்தானியேல் ஹெரஷாஃப் செதுக்கிய அதே வகை. பாய் இல்லை, கயிறு இல்லை, உடலின் ஒரு பக்கம் மட்டும். ஷாம்ராக் 5 என்றால் 1:100-ல் நீளம் 36 செ.மீ., கனம் 3 செ.மீ. சுவரில் மாட்டலாம். வீடு மாறும்போது துண்டில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம்.

செய்முறை சுலபம். படகின் வரைபடத்தில், தண்ணீர் மட்டத்துக்கு இணையாக வெவ்வேறு உயரத்தில் வெட்டினால் எந்த வடிவம் வரும் என்று கோடுகள் போட்டிருப்பார்கள். 5 மி.மீ. மென்மரப் பலகையில் ஒவ்வொரு கோட்டையும் நகலெடுத்து வெட்டி, கோலி அடுக்கின தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகால் போட்டு அழுத்தி வையுங்கள். பன்னிரண்டு அடுக்கு வரும். மறுநாள் பார்த்தால் படிக்கட்டு போல இருக்கும். அந்தப் படிகளின் முனை போகும் வரை செதுக்கித் தேய்க்க வேண்டும், படிகளின் உள்மூலையைத் தொடக் கூடாது. மூலை மறைகிற இடத்தில் நிறுத்தினால் வளைவு தானாக வந்துவிடும். குறுக்கு வெட்டுக்கு அட்டையில் அச்சு வெட்டி வைத்து அங்கங்கே ஒத்துப் பாருங்கள்.

பிறகு கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. பட்டி, சாம்பல் பிரைமர், 220, 400, 600 நம்பர் உப்புத்தாள். பிரைமர் அடித்த பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் மேடு பள்ளம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். பச்சை டூக்கோ மெல்லிசாக நாலு கோட். புனே, மும்பை மாதிரி மழைக்காலம் நீளமான ஊர்களில் ஒரு எச்சரிக்கை. மரம் ஈரத்தில் குறுக்கே உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக உப்பாது. சுவர்ப் பக்கமாக இருக்கும் தட்டை முகத்துக்கும் பிரைமர் அடித்து மூடுங்கள். இல்லாவிட்டால் ஜூலையில் அடுக்குக் கோடுகள் வண்ணத்துக்கு மேலே எழுந்து நிற்கும். பட்டி, டூக்கோ வேலையை பால்கனியில் பெரியவர்கள் செய்யுங்கள், வாடை குழந்தைகளுக்கு ஆகாது.

தேய்ப்பதைக் குழந்தைகளிடம் விடலாம். கண்ணை மூடிக்கொண்டு தடவி எங்கே மேடு என்று சொல்லச் சொல்லுங்கள். பத்து வயதுக் குழந்தையின் விரல் நம் கண்ணைவிடத் துல்லியமாகச் சொல்லும். பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்குக் கடையில் ரெடிமேடாகத் தெர்மோகோல் மாதிரி வாங்கிக் கொடுக்கிற காலத்தில், ஒரு பொருள் எப்படி வளைகிறது, ஏன் அப்படி வளைகிறது என்று கையால் தெரிந்துகொள்ள இது ஒரு வாய்ப்பு. நாலு ஞாயிற்றுக்கிழமை, ஐந்நூறு அறுநூறு ரூபாய்ச் சாமான். மரம் தெரியாமல் மூடச் சொன்னால் குழந்தையும் முதலில் முகத்தைச் சுளிக்கும். காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்ளும்.

கடைசியில் அட்டையை அந்தக் குழந்தையின் கையெழுத்திலேயே, தமிழில் எழுதி ஒட்டுங்கள். என் சிபாரிசு வாசகம் இது:

"ஷாம்ராக் 5. வடிவமைப்பு: சார்ல்ஸ் நிக்கல்சன். கட்டிய இடம்: கோஸ்போர்ட், 1930. மகோகனிப் பலகை, எஃகு விலா. அளவு 1:100. நியூபோர்ட்டில் 0-4 என்று தோற்றது. இதன் சொந்தக்காரரின் தேயிலையைப் பறித்தவர்கள் இலங்கை மலையகத் தமிழர்கள்."

செய்தவர் பெயரை மாதிரியின் பின்பக்கம், சுவரைப் பார்த்த முகத்தில் எழுதிக்கொள்ளலாம்.